கர்த்தர், ஆண்டவர், தேவன்: வேதத்தில் கடவுளின் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் சில கிறிஸ்தவ வீடுகளில் இரண்டு வேதாகமங்கள் இருக்கும். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர் கையில் பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து மருமகளாக வந்தவர் கையில் 1995-இல் வெளியான திருவிவிலியம். இரண்டையும் 110-ஆம் சங்கீதத்தில் திறந்து, முதல் வசனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய திருப்புதல் "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று தொடங்கும். திருவிவிலியமோ "ஆண்டவர் என் தலைவரிடம்" என்று தொடங்கும். ஒரே வசனம்தான். ஆனால் ஒன்றில் பேசுகிறவர் யாரோ அவருக்குரிய சொல், மற்றொன்றில் பேச்சைக் கேட்கிறவருக்கு வந்துவிட்டது. இதைக் கவனிக்காமல் குடும்ப ஜெபத்தில் இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றி வாசித்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதே குழம்பிப்போகும்.

தப்பு இரண்டு புத்தகத்திலும் இல்லை. எபிரேயத்தில் அங்கே இருப்பவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது, கடவுளின் தனிப்பெயர். இரண்டாவது, எஜமானனைக் குறிக்கும் 'ஆதோன்'. தனிப்பெயருக்குப் பழைய திருப்புதல் 'கர்த்தர்' என்றும், திருவிவிலியம் 'ஆண்டவர்' என்றும் வைத்துக்கொண்டன. இந்த ஒரு கணக்கு மனசில் நின்றால் பழைய ஏற்பாட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வேதத்தில் கடவுளைச் சுட்டும் சொற்களை எடுத்ததும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். தனிப்பெயர் ஒன்று. 'கடவுள்' என்ற பொதுப்பெயர் ஒன்று. மூன்றாவது, பதவியையோ உறவையோ சொல்லும் பட்டங்கள்: ராஜா, மேய்ப்பர், மீட்பர் மாதிரி. தனிப்பெயர் ஒருவருக்கு மட்டும் உரியது. பொதுப்பெயரும் பட்டமும் மற்றவர்களுக்கும் வரும், மனிதர்களுக்கும்கூட. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு "தேவனுடைய நாமங்கள் இத்தனை" என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடும் புத்தகங்கள்தான் கடைகளில் அதிகம்.

தனிப்பெயர் நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. எபிரேய வேதத்தில் 6800 தடவைக்கும் மேல் வருகிறது. எபிரேயத்தில் அந்தக் காலத்தில் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதினார்கள். உயிரொலியை வாசிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். இயேசுவின் காலத்துக்கு முன்பே இந்தப் பெயரை வாயால் சொல்வது அருகிவிட்டது. பாவநிவாரண நாளன்று எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியர் அதை உச்சரித்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. மற்றபடி வாசிக்கும்போது அந்த நான்கு எழுத்து வந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் எஜமானர்', என்று சொன்னார்கள். இன்றும் யூதர்கள் ஜெபத்தில் அதோனாய் என்றும், சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்' என்றும்தான் சொல்வார்கள். ஹஷேம் என்றால் வெறுமனே 'அந்தப் பெயர்'. அந்த நான்கு எழுத்து எழுதப்பட்ட தோற்சுருள் கிழிந்துபோனாலும் குப்பையில் போடமாட்டார்கள். தனியாகச் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள்.

அப்படியானால் 'யேகோவா' எங்கிருந்து வந்தது? கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில் மசோரேத்தியர் என்ற யூத அறிஞர்கள் மெய்யெழுத்துகளுக்கு மேலும் கீழும் உயிர்க்குறிகள் போட்டார்கள். நான்கு எழுத்துப் பெயர் வந்த இடத்தில், "இங்கே அதோனாய் என்று வாசி" என்று நினைவூட்ட, அதோனாயின் உயிர்க்குறிகளை வைத்தார்கள். பிற்கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்தார்கள். ஒரு பெயரின் மெய், இன்னொரு சொல்லின் உயிர்: அதுதான் யேகோவா. மூல உச்சரிப்பு 'யாவே' என்பதற்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. பழைய கிரேக்க எழுத்தாளர்கள் சிலர் அந்தப் பெயரைக் கிரேக்கத்தில் எழுதிவைத்த விதம் அதற்கு ஓர் ஆதாரம். கத்தோலிக்கத் திருச்சபை 2008-இல் வழிபாட்டிலும் பாடல்களிலும் அந்த உச்சரிப்பைத் தவிர்க்கச் சொல்லி ரோமிலிருந்து கடிதம் அனுப்பியது.

பழைய திருப்புதலில் 'யேகோவா' என்று அப்படியே அச்சாகியிருக்கும் இடங்கள் மிகச் சில. யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83, ஏசாயா 12:2, 26:4 ஆகியவற்றில் பாருங்கள். மற்ற ஆயிரக்கணக்கான இடங்களில் அதே பெயர் 'கர்த்தர்' ஆக நிற்கிறது. எசேக்கியேலில் திரும்பத் திரும்ப வரும் "கர்த்தராகிய ஆண்டவர்" என்பதில் 'ஆண்டவர்' என்பது அதோனாய், 'கர்த்தர்' என்பது நான்கு எழுத்து. திருவிவிலியத்தில் அதே தொடர் "தலைவராகிய ஆண்டவர்" ஆகும்.

பெயரின் சுருக்கம் 'யா'. அல்லேலூயாவின் கடைசியில் இருப்பது அதுதான்: "யாவைத் துதியுங்கள்". எலியா, ஏசாயா, எரேமியா ஆகிய பெயர்களின் வாலிலும், யோசுவா, யோவான், யோனத்தான் ஆகியவற்றின் தலையிலும் அதைக் காணலாம். சாமுவேல், தானியேல், எசேக்கியேல் போன்றவை 'ஏல்' என்ற பொதுப்பெயரில் முடிகின்றன. எலியாவில் இரண்டும் உண்டு: "என் ஏல், யா". இயேசு என்ற பெயருக்கு அடியில் இருக்கும் யேசுவா, யோசுவாவின் சுருக்க வடிவம்.

இனி பொதுப்பெயர். 'எலோகிம்' சுமார் 2600 தடவை வருகிறது. பழைய திருப்புதலில் 'தேவன்', திருவிவிலியத்தில் 'கடவுள்'. (பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் 'சர்வேசுரன்' என்று இருக்கும், பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கலாம்.) எலோகிம் வடிவத்தில் பன்மை. ஆனால் ஆதியாகமம் 1:1-இல் 'சிருஷ்டித்தார்' என்ற வினை எபிரேயத்தில் ஒருமை. இந்தப் பன்மையைக் காட்டி, "பாருங்கள், முதல் வசனத்திலேயே திரித்துவம்" என்று சொல்வது கன்வென்ஷன் மேடைகளில் வழக்கம். இலக்கணம் அந்தப் பாரத்தைத் தாங்காது. 1 சாமுவேல் 5:7-இல் பெலிஸ்தரின் ஒரே சிலையான தாகோனுக்கும் இதே பன்மை வடிவம்தான் வருகிறது. நியாயாதிபதிகள் 11:24-இல் காமோசு என்ற அந்நிய தெய்வத்துக்கும் அப்படியே. பெருமையையும் முழுமையையும் காட்ட எபிரேயம் இப்படிப் பன்மையை வைப்பதுண்டு. திரித்துவம் பற்றிப் பேச நினைக்கிறவர்களுக்குப் புதிய ஏற்பாட்டில் இடம் இருக்கிறது; இந்த வசனத்தின்மேல் அதை ஏற்றத் தேவையில்லை.

எலோகிம் பொதுப்பெயர் என்பதற்கு இன்னும் சாட்சி வேண்டுமா? யாத்திராகமம் 7:1-இல் கர்த்தர் மோசேயிடம், "உன்னை நான் பார்வோனுக்குத் தேவனாக்கினேன்" என்கிறார். அதே புத்தகம் 12:12-இல் எகிப்தின் தேவர்கள்மேல் நீதி செலுத்துவேன் என்கிறார். கடவுள், மோசே, எகிப்தின் தேவர்கள் என மூன்றுக்கும் ஒரே சொல்.

பெயருக்கும் பொதுப்பெயருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் இலக்கணம் அல்ல, கதைக்குள் வேலை செய்கிறது என்பதற்கு ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை ஒரு பென்சிலோடு படியுங்கள். முதல் அதிகாரம் முழுக்க 'தேவன்' மட்டும். இரண்டாம் அதிகாரம் 4-ஆம் வசனத்திலிருந்து கதை சொல்கிறவர் 'தேவனாகிய கர்த்தர்' என்று மாறுகிறார். பொதுப்பெயரும் தனிப்பெயரும் சேர்ந்து வருகின்றன. மூன்றாம் அதிகாரத்தின் முதல் வரியிலும் அப்படித்தான்: தேவனாகிய கர்த்தர் உண்டாக்கின பிராணிகளில் சர்ப்பம் தந்திரமுள்ளது. உடனே சர்ப்பம் வாய் திறக்கிறது: "என்று தேவன் சொன்னது உண்டோ?" கர்த்தர் என்பதைக் காணோம். ஸ்திரீயும் பதிலில் 'தேவன்' என்றே சொல்கிறாள். 5-ஆம் வசனம் வரை அந்தப் பேச்சில் தனிப்பெயர் ஒரு தடவைகூட இல்லை. பேச்சு முடிந்து, பகலின் குளிர்ச்சியான வேளையில் சத்தம் கேட்கும்போது, கதை சொல்கிறவர் மறுபடி 'தேவனாகிய கர்த்தர்' என்கிறார். சர்ப்பம் கடவுளைப் பற்றிப் பேசுகிறது, பெயர் சொல்லவில்லை. இதைக் காண எபிரேயம் தெரிய வேண்டியதில்லை. தமிழிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொரு பயிற்சி: 14-ஆம் சங்கீதத்தையும் 53-ஆம் சங்கீதத்தையும் அடுத்தடுத்து வாசியுங்கள். கிட்டத்தட்ட ஒரே பாட்டு. இரண்டாம் வசனத்தில் ஒன்று "கர்த்தர் பரலோகத்திலிருந்து" என்கிறது, மற்றது "தேவன் பரலோகத்திலிருந்து" என்கிறது. 42 முதல் 83 வரையான சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் பெரும்பாலும் எலோகிம் என்ற சொல்லையே விரும்பினார்கள் என்பதற்கு இது தெளிவான தடயம்.

'ஏல்' என்ற குறுகிய பொதுப்பெயரோடு ஓர் அடைமொழி சேர்ந்து வருவனவும் உண்டு. ஏல் எல்யோன், உன்னதமான தேவன். ஆதியாகமம் 14-இல் சாலேமின் ராஜாவாகிய மெல்கிசேதேக்கு சொல்வது. ஏல் ஓலாம், சதாகாலமுமுள்ள தேவன். பெயெர்செபாவில் ஆபிரகாம் தொழுதுகொண்டது. ஏல் ஷதாய், சர்வவல்லமையுள்ள தேவன், ஆதியாகமம் 17:1. ஷதாயின் வேர் இன்னும் தீராத வழக்கு: மலை என்பார் உண்டு, மார்பு என்பார் உண்டு. 'சர்வவல்லவர்' என்பது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியில் வந்த பொருள். இந்தச் சொல் வரும் 48 இடங்களில் 31 யோபு புத்தகத்தில் இருக்கின்றன. ஆசீர்வாத வசனமாக அட்டையில் அடிக்கப்படும் இந்தப் பட்டத்தை நகோமி எப்படிச் சொல்கிறாள் என்று ரூத் 1:20-இல் பாருங்கள்: சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவளின் வாயில் அது முறையீடு.

ஆகார் சொல்லும் 'ஏல் ரோயீ' தனி ரகம். வேதத்தில் கடவுளுக்கு ஒரு மனிதர் தாமாகப் பெயரிடும் முதல் இடம் ஆதியாகமம் 16:13. பெயரிடுகிறவள் எகிப்திய அடிமைப் பெண், வீட்டைவிட்டு ஓடி வந்தவள், கர்ப்பிணி. "நீர் என்னைக் காண்கிற தேவன்."

இனி லாரி முகப்பிலும் பனியன் கம்பெனி போர்டிலும் வீட்டு நிலைக்கு மேலும் பார்க்கிற பெயர்களுக்கு வருவோம். யேகோவாயீரே, யேகோவாநிசி, யேகோவா ஷாலோம், யேகோவா ஷம்மா. இவற்றைக் கடவுளின் பெயர்கள் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். வசனத்தைத் திறந்தால் வேறு. ஆதியாகமம் 22:14-இல் ஆபிரகாம் 'அந்த இடத்துக்கு' யேகோவாயீரே என்று பேரிட்டான். யாத்திராகமம் 17:15-இல் மோசே பலிபீடத்துக்கு யேகோவாநிசி என்று பேரிட்டான். நியாயாதிபதிகள் 6:24-இல் கிதியோன் பலிபீடத்துக்கு யேகோவா ஷாலோம் என்று பேரிட்டான். அது ஒப்ராவில் இருக்கிறது என்று ஊரையும் வசனம் சொல்கிறது. யேகோவா ஷம்மா, எசேக்கியேலின் கடைசி வசனத்தில் ஒரு நகரத்துக்கு வைக்கும் பெயர். நான்குமே இடப்பெயர்கள், இடத்தில் நடந்ததை நினைவில் வைக்கும் பெயர்கள். ஆக, வீட்டுக்கும் கடைக்கும் அவற்றை வைப்பது ஒருவகையில் மிகச் சரியான பயன்பாடு! கடவுளின் 'நாமங்கள்' என்று பட்டியலிடுவதுதான் இடறுகிறது.

யேகோவாயீரேவில் 'யீரே' என்பதன் வேருக்குப் 'பார்த்தல்' என்று பொருள். எட்டாம் வசனத்தில் ஈசாக்குக்கு ஆபிரகாம் சொல்லும் பதிலைப் பழைய திருப்புதல் "பார்த்துக்கொள்வார்" என்று போட்டிருக்கிறது. மூலத்தின் இரண்டு அர்த்தமும், காண்பதும் கவனிப்பதும், ஒரே தமிழ்ச் சொல்லில் உட்கார்ந்துகொண்டன. "சாமி பாத்துக்கும்" என்று தினமும் சொல்கிற ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே பார்த்துக்கொள்ளப்பட்டது பணமோ ஆர்டரோ அல்ல, பலிக்கு ஓர் ஆட்டுக்கடா.

'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்', 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' இரண்டும் முழு வாக்கியங்கள். வெட்டி எடுத்து யேகோவா ராஃபா, யேகோவா ரோகி என்று பெயராக்கியது பிற்கால வழக்கம். 'சேனைகளின் கர்த்தர்' மட்டும் உண்மையான, நிலைத்த பட்டம். மோசேயின் ஐந்து புத்தகங்களிலும் அது இல்லை; முதலில் வருவது 1 சாமுவேல் 1:3-இல். அந்தப் பட்டத்தைச் சொல்லி முதலில் ஜெபித்தவள் பிள்ளையில்லாத அன்னாள்.

மேய்ப்பர் என்றதும் தாராபுரம், மூலனூர் மேய்ச்சல் காட்டில் பட்டி அடைக்கிறவர் கண்ணுக்கு வருவது இயல்பு. அதில் பிழையில்லை, ஆனால் பாதிதான். பழைய கிழக்கு நாடுகளில் மேய்ப்பன் என்பது அரசனின் பட்டம். எசேக்கியேல் 34-இல் திட்டு வாங்கும் 'மேய்ப்பர்கள்' இஸ்ரவேலின் ஆளுகிறவர்கள். ஏசாயா 44:28-இல் பாரசீக ராஜா கோரேசு "என் மேய்ப்பன்" எனப்படுகிறான். 23-ஆம் சங்கீதத்தில் பரிவோடு அரசியலும் இருக்கிறது.

கொங்கு வாசகருக்கு உடனே பிடிபடக்கூடிய பட்டம் 'மீட்பர்'. எபிரேயத்தில் 'கோயேல்'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பாவம், பரலோகம் என்றுதான் மனசு ஓடும். மூலத்தில் அது பங்காளிக்குச் சட்டம் விதித்த கடமை. லேவியராகமம் 25:25-ஐப் பாருங்கள்: சகோதரன் தரித்திரப்பட்டுத் தன் காணியாட்சியில் கொஞ்சத்தை விற்றால், அவன் இனத்தான் வந்து அதை மீட்க வேண்டும். காணியாட்சி! காணி, காணிக் கோயில் என்று பேசிப் பழகிய நாட்டில் இந்தத் தமிழ் எவ்வளவு பொருத்தம். பங்காளி கடனுக்கு அடிமையாக விற்கப்பட்டால் அவனை விடுவிப்பதும், கொலையுண்டால் பழிவாங்குவதும் கோயேலின் வேலைதான்.

இது நடைமுறையில் எப்படி நடக்கும் என்பதை ரூத் நான்காம் அதிகாரம் காட்டுகிறது. போவாஸ் ஊர் வாசலில் உட்காருகிறான். மூப்பரில் பத்துப்பேரை உட்காரவைக்கிறான். அவனைவிட நெருங்கிய பங்காளி ஒருவன் இருக்கிறான்; முதல் உரிமை அவனுக்கு. வயலை மீட்கிறாயா என்றதும், மீட்கிறேன் என்கிறான். வயலோடு ரூத்தையும் ஏற்று, இறந்தவன் பெயரில் வாரிசை நிலைநிறுத்த வேண்டும் என்றதும் பின்வாங்குகிறான்: என் சுதந்தரம் கெட்டுப்போகும். பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிறான். உரிமையைக் கைமாற்றியதற்கு அதுதான் அத்தாட்சி. பழைய திருப்புதல் இங்கே 'சுதந்தரவாளி' என்று சொல்வதால், 'மீட்பர்' என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. இதை வாசித்த கையோடு யோபு 19:25-க்கும் ஏசாயா 41:14-க்கும் போனால், "உன் மீட்பர்" என்பதன் கனம் வேறாகத் தெரியும். பாபிலோனில் அடிமைப்பட்டு நிலம் இழந்து கிடந்தவர்களுக்கு அது சொல்லப்படுகிறது: உன் நெருங்கிய பங்காளி நான், விலை கொடுப்பது என் கடமை.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அங்கே கணக்கு மாறுகிறது. கடவுளின் தனிப்பெயர், எஜமானர், 'ஐயா' மூன்றுக்கும் ஒரே சொல்: கூரியோஸ். எது என்று சூழ்நிலைதான் சொல்லும். யோவான் 4:11-இல் கிணற்றடியில் சமாரியப் பெண் இயேசுவை இந்தச் சொல்லால் அழைக்கிறாள். பழைய திருப்புதல் "ஆண்டவரே" என்கிறது. திருவிவிலியம் "ஐயா" என்கிறது. அவள் அப்போதுதான் ஒரு முன்பின் தெரியாத யூதரைப் பார்க்கிறாள், ஆகவே 'ஐயா'தான் சரி. நம்மூர்ப் பெண்ணாக இருந்தால் "ஏனுங்க" என்றிருப்பாள். யோவான் 12:21-இல் கிரேக்கர் பிலிப்புவை அதே சொல்லால் அழைக்கும்போது பழைய திருப்புதலே "ஐயா" என்றுதான் போட்டிருக்கிறது.

'கிறிஸ்து' இயேசுவின் இரண்டாம் பெயர் அல்ல, பட்டம். எபிரேய 'மேசியா'வின் கிரேக்கம், அபிஷேகம் பண்ணப்பட்டவர். ராஜாவுக்கும் ஆசாரியனுக்கும் எண்ணெய் ஊற்றுவார்கள். சவுல் கர்த்தரால் அபிஷேகம் பண்ணப்பட்டவன். ஏசாயா 45:1-இல் கோரேசும் அப்படியே. 'தேவகுமாரன்' என்பதும் முன்பே புழங்கிய பட்டம்: யாத்திராகமம் 4:22-இல் இஸ்ரவேல் ஜனம் முழுவதும், சங்கீதம் 2:7-இல் தாவீதின் வழி ராஜா, யோபு 1:6-இல் தேவதூதர். புதிய ஏற்பாடு இந்தப் பழைய பொருள்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு மேலே போகிறது.

ரொம்பப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வது 'மனுஷகுமாரன்'. தேவகுமாரன் தெய்வத்தன்மை, மனுஷகுமாரன் மனிதத்தன்மை என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். எசேக்கியேலை "மனுபுத்திரனே" என்று அழைக்கும் இடங்களில் அது வெறும் மனிதன் என்பதுதான். ஆனால் தானியேல் 7:13-இல் மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் வானத்து மேகங்களுடன் வந்து நித்திய ஆட்சியைப் பெறுகிறார். மாற்கு 14:62-இல் விசாரணையின்போது இயேசு அந்தக் காட்சியைத் தம்மேல் ஏற்றிச் சொல்கிறார். பிரதான ஆசாரியன் உடனே வஸ்திரத்தைக் கிழிக்கிறான். தாழ்மையான பட்டத்துக்கு யாரும் சட்டையைக் கிழிக்கமாட்டார்கள்.

"அப்பா பிதாவே" என்பதில் 'அப்பா' தமிழ் அல்ல. மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகிய மூன்று இடங்களிலும் அது அரமேயச் சொல். கிரேக்கத்திலும் அப்படியே வைத்து, பக்கத்தில் 'பிதா' என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். நம் காதுக்கு அது வீட்டுச் சொல்லாக விழுவது தற்செயல்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் ஒரு பட்டம் வந்தால் இப்படிச் சரிபாருங்கள். அட்டையில் இருக்கும் வசன எண்ணை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். யார் சொல்கிறார், யாரிடம், என்ன நிலைமையில் என்று பாருங்கள். பட்டம் கடவுளுக்கா, இடத்துக்கா, மனிதருக்கா என்று பாருங்கள். பிறகு மற்ற மொழிபெயர்ப்பில் அதே வசனம். உதாரணம் ஏசாயா 9:6. பழைய திருப்புதலில் "அதிசயமானவர், ஆலோசனைக்கர்த்தா" என்று நடுவில் காற்புள்ளி இருப்பதால் ஐந்து பட்டங்கள் என்று எண்ணுவோம். எபிரேயத்தில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்காக நிற்கின்றன. திருவிவிலியம் "வியத்தகு ஆலோசகர்" என்று சேர்த்தே போடுகிறது. அந்தக் 'கர்த்தா'வுக்கும் 'கர்த்தர்' என்ற தனிப்பெயருக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே இருப்பது ஆலோசகர் என்ற சாதாரணச் சொல்.

புதிய ஏற்பாட்டு வசனமாக இருந்தால் இன்னொரு படி: அது பழைய ஏற்பாட்டு மேற்கோளா என்று அடிக்குறிப்பில் பாருங்கள். ரோமர் 10:13, "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்" என்கிறது. இது யோவேல் 2:32. யோவேலில் அந்தக் 'கர்த்தர்' நான்கு எழுத்துத் தனிப்பெயர். பவுல் எழுதும்போது கூரியோஸ். நான்கு வசனம் முன்னால், 10:9-இல், "கர்த்தராகிய இயேசுவை" அறிக்கையிடச் சொன்னதும் அதே கூரியோஸ். வாசிக்கும்போது உச்சரிக்கப்படாத பெயருக்கு வைத்திருந்த சொல்லை இயேசுவுக்கு வைக்கிறார் பவுல். யூதர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கை இதில்தான் தொடங்குகிறது.